வீடுபேறும் விதிகளும்: திருவரங்கம் முதல் ஹவுரா வரை

சமயம் விதித்த கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதால் வீடுபேறு வாய்க்கிறதா, இறைவனின் அருளால் வாய்க்கிறதா என்ற கேள்வி, கடவுளை நம்பும் சமயங்கள் எல்லாவற்றிலும் எழுந்திருக்கிறது. கீழ்ப்படிதலே வழி என்றால், செய்த வேலைக்குக் கூலி தரக் கடமைப்பட்டவராகக் கடவுள் ஆகிவிடுகிறார். வேதம் ஓதவும் வேள்வி செய்யவும் உரிமையோ வசதியோ இல்லாதவர்களுக்கு வாசலே அடைபட்டுப் போகிறது. அருள் ஒன்றே வழி என்றால், கட்டளைகள் எதற்கு, நல்லவருக்கும் தீயவருக்கும் வேறுபாடு என்ன என்ற ஐயம் வருகிறது.

இந்தியாவில் இதை மிக ஆழமாக ஆராய்ந்தவர்களில் காவிரிக் கரை வைணவரும் கங்கைக் கரை வைணவரும் முன்னிற்கிறார்கள். இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்தவை அல்ல. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கத்துச் சைதன்யர் புரியிலிருந்து தென்னாட்டுக்கு கீழைக் கடற்கரையை ஒட்டி நடந்து வந்தார். அவர் திருவரங்கத்தில் தங்கிய நாள்களும், பிற்காலத்தில் வங்கத்தின் ஹவுராப் பகுதியில் உருவான பேலூர் மடத்தின் குருவான ராமகிருஷ்ணரின் வாழ்வும், இந்தக் கேள்விக்குத் தெளிவான விடைகளைத் தருகின்றன.

கட்டளைகளின் வகைகள்

வேதக் கட்டளைகளை மீமாம்சகர் நான்காகப் பிரித்தனர். நாள்தோறும் செய்யவேண்டியவை நித்தியம். கிரகணம், பிறப்பு, இறப்பு போன்ற காரணம் நேரும்போது செய்யவேண்டியவை நைமித்திகம். மழை, மகப்பேறு, சுவர்க்கம் என்று ஒரு பயனை விரும்பிச் செய்பவை காமியம். செய்யக்கூடாதவை நிஷித்தம்.

இந்தப் பகுப்பிலிருந்தே வீடுபேற்றுக்கு ஒரு வழியைச் சில மீமாம்சகர் வகுத்தனர். காமியத்தையும் நிஷித்தத்தையும் விட்டுவிட்டால் புதிய வினை சேராது. நித்திய நைமித்திகங்களைத் தவறாமல் செய்தால், அவற்றைச் செய்யாமல் விட்ட குற்றம் வராது. பழைய வினை அனுபவித்துத் தீர்ந்ததும் பிறவி நின்றுபோகும். இதில் கடவுளுக்கு வேலை இல்லை. கீழ்ப்படிதலும் கணக்கும் மட்டுமே உண்டு.

சங்கரர் இதை மறுத்தார். செயலால் உண்டாகும் எதுவும் ஒருநாள் அழியும். அழியாத வீடு செயலின் விளைவாக இருக்க முடியாது. அறியாமை நீங்குவதே வீடு என்பது அவர் வாதம். விதிப்படி செய்யும் கருமம் மனத்தைத் தூய்மையாக்கும், அதற்குமேல் அதனால் ஆவது இல்லை என்றார். கட்டளை வீட்டைத் தருவது அன்று, வீட்டுக்குத் தகுதியாக்குவது என்ற வேறுபாடு இங்கே தெளிவாகிறது. பின்வந்த பக்தி மரபுகளும் இந்த வேறுபாட்டைத் தத்தம் முறையில் எடுத்துக்கொண்டன.

சரம சுலோகம்

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்து அறுபத்தாறாம் சுலோகத்தை வைணவர் சரம சுலோகம் என்பர். எல்லாத் தர்மங்களையும் விட்டுத் தன் ஒருவனையே சரணடையும்படி கண்ணன் அருச்சுனனுக்குச் சொல்லும் இடம் அது. பாவங்களிலிருந்து விடுவிப்பது தன் பொறுப்பு, வருந்தவேண்டாம் என்ற உறுதியும் அதில் உண்டு. கட்டளைகளைப் பதினேழு அத்தியாயங்கள் விளக்கிய நூல், முடிவில் அவற்றை விடச் சொல்கிறதே என்பதுதான் உரையாசிரியர்களை வாட்டிய சிக்கல்.

ராமானுசர் தம் கீதை உரையில் இரண்டு பொருள் தருகிறார். முதலாவது: கரும, ஞான, பக்தி யோகங்களைச் செய்துகொண்டே, அவற்றின் பயனையும் 'நான் செய்கிறேன்' என்ற எண்ணத்தையும் 'என்னுடையது' என்ற பற்றையும் விடுவது. இரண்டாவது: பக்திக்குத் தடையாக நிற்கும் பாவங்கள் எண்ணற்றவை; அவற்றுக்குச் சாத்திரம் சொல்லும் கழுவாய்களைச் செய்து முடிக்க ஆயுள் போதாது; ஆகவே அக்கழுவாய்களின் இடத்தில் இறைவனையே சரணடைவது. இரண்டு உரைகளிலும் தர்மம் ஒழிக்கப்படவில்லை. தர்மத்தின் மேல் மனிதன் வைத்திருக்கும் தற்சார்பு ஒழிகிறது.

ராமானுசர் வாழ்வில் நடந்ததாகக் குருபரம்பரை நூல்கள் சொல்லும் திருக்கோட்டியூர் நிகழ்ச்சி, இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து சென்று திருக்கோட்டியூர் நம்பியிடம் அவர் மறைபொருளைக் கேட்டறிந்தார். தகுதி அறியாமல் பிறருக்குச் சொல்லக்கூடாது என்பது குருவின் கட்டளை. ராமானுசர் அதைக் கூடியிருந்த அடியார்களுக்கெல்லாம் வெளியிட்டார். கட்டளையை மீறியதற்குத் தண்டனை என்ன என்று நம்பி கேட்டபோது, தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் உய்வார்களே என்பது அவர் விடை. நம்பி அவரைத் தண்டிக்கவில்லை, அணைத்துப் போற்றினார். மீறியவர் தமக்காக எந்தப் பயனையும் நாடவில்லை. விளைவு முழுவதையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். தம் வசதிக்காக விதியை மீறுவோர் இந்நிகழ்ச்சியைத் தமக்குச் சான்றாகக் காட்ட இயலாது.

லோகாசாரியரும் தேசிகரும்

ராமானுசருக்குப் பின் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இரண்டு பெரும் ஆசிரியர்கள் இதே சுலோகத்தை வேறு வேறு கோணங்களில் விளக்கினர். பிள்ளை லோகாசாரியர் முமுட்சுப்படி, ஸ்ரீவசன பூஷணம் முதலிய நூல்களைத் திருவரங்கத்தில் அருளினார். வேதாந்த தேசிகர் ரகசியத்ரயசாரம் என்ற பெருநூலை மணிப்பிரவாள நடையில் எழுதினார். முன்னவரைப் பின்பற்றியது தென்கலை. பின்னவரைப் பின்பற்றியது வடகலை.

லோகாசாரியர் கருத்தில், வீட்டுக்கு உபாயம் இறைவனே. சரணாகதிகூட மனிதன் செய்யும் ஒரு சாதனை ஆகாது. காக்க வருபவனை விலக்காமல் இருப்பதுதான் அது. ஆகவே இந்த இடம், இந்தக் காலம், இந்த முறை, இந்தக் குலம், இந்தப் பயன் என்ற எந்த நியமமும் சரணாகதிக்கு இல்லை. யாரைப் பற்றுகிறோம் என்ற ஒரு நியமமே உண்டு என்று ஸ்ரீவசன பூஷணம் நிறுவுகிறது. திரௌபதி நீராடிவிட்டுச் சரணடையவில்லை என்பது அவர் காட்டும் சான்று. தீட்டு, தூய்மை பற்றிய விதிகள் நிறைந்த சமுதாயத்தில் இப்படி ஒரு வாசலைத் திறந்தது பெரிய துணிவு.

தேசிகர் வேறோர் அச்சத்திலிருந்து பேசுகிறார். மனிதன் எதுவுமே செய்யவேண்டாம் என்றால், இறைவன் ஏன் சிலருக்கு மட்டும் அருளுகிறான்? அவன்மேல் பாரபட்சக் குற்றம் வராதா? எனவே இறைவனே உபாயம் என்பதை ஏற்றுக்கொண்டு, அவன் அருளுக்கு மனிதன் தரும் ஒரு வியாஜம், அதாவது ஒரு சிறு காரணம் வேண்டும் என்கிறார். அதுவே பரந்யாசம்: தன்னைக் காக்கும் பாரத்தை அவனிடம் ஒப்படைத்தல். குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கையும், தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையையும் காட்டி தேசிகர் கருத்தை மர்க்கட நியாயம் என்றும் லோகாசாரியர் கருத்தை மார்ஜார நியாயம் என்றும் பின்வந்தோர் பெயரிட்டனர். உவமை நினைவில் நிற்பதற்கு உதவும். ஆனால் இரு தரப்பும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பதை அது மறைத்துவிடுகிறது. குரங்குக் குட்டியையும் மரம் விட்டு மரம் தாங்கிச் செல்வது தாய்தான்.

சரணாகதிக்குச் சொல்லப்படும் ஐந்து அங்கங்களைப் பார்த்தால் இந்த நெருக்கம் விளங்கும். இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி, உகவாததை விடுதல், அவன் காப்பான் என்ற அசையாத நம்பிக்கை, காக்க வேண்டும் என்ற வேண்டுதல், தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்ற எளிமை ஆகியவை அவை. முதல் இரண்டும் கீழ்ப்படிதல்தான். விதிகளை உபாயமாகக் கருதுவதை விட்டவர், விதிகளின் ஆண்டவனுக்கு உகந்ததைச் செய்யும் உறுதியோடுதான் சரணடைகிறார்.

சரணடைந்த பிறகு செய்யும் நித்திய கருமங்களைத் தேசிகர் ஆஞ்ஞா கைங்கரியம் என்கிறார்: எசமானின் ஆணையை நிறைவேற்றும் தொண்டு. அறிந்தே ஒருவர் தவறினாலும் அவரது வீடுபேறு பறிபோகாது. வருந்தி மீண்டும் சரண் புகவேண்டும், இல்லையேல் இப்பிறவியிலேயே சிறு தண்டனை வந்து திருத்தும். தென்கலையார் இறைவனின் வாத்சல்யத்தை மேலும் அழுத்துகின்றனர். அடியாரின் குற்றத்தை அவன் பொருட்படுத்தாததோடு, அதையும் விரும்பி ஏற்கிறான் என்கின்றனர். ஆனால் குற்றம் செய்ய இதை உரிமைச்சீட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களும் சொல்லவில்லை. உலகத்தாருக்கு முன்மாதிரியாகவும் தொண்டாகவும் கருமங்களைச் செய்வது அவர்களுக்கும் உடன்பாடே.

காளத்தியில் இருவர்

சைவத்தில் இக்கேள்வியை ஒரு கதையாகவே நிறுத்தியவர் சேக்கிழார். பெரியபுராணத்தில் வேடர் திண்ணனார் காளத்தி மலையில் வாயில் கொண்டுவந்த நீரால் நீராட்டி, தலையில் சூடிவந்த பூவைச் சாத்தி, தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைக்கிறார். ஆகமப்படி பூசை செய்யும் சிவகோசரியார் அதைக் கண்டு பதறி, இடத்தைத் தூய்மை செய்து மீண்டும் பூசிக்கிறார். இறைவன் அவர் கனவில் தோன்றி, வேடரின் செயல்கள் யாவும் அன்பின் வடிவம் என்று உணர்த்துகிறான். கண்ணைப் பெயர்த்து அப்பிய வேடர் கண்ணப்பர் ஆகிறார்.

இக்கதையில் சிவகோசரியார் இகழப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மறைந்திருந்து அந்த அன்பைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கிறது. விதி தெரியாத அன்பைக் காணவும் அதன்முன் வியந்து நிற்கவும் விதி தெரிந்தவருக்குக் கற்பிப்பதே கதையின் நோக்கம்.

சைதன்யர் கேட்ட கேள்வி

நவத்வீபத்தில் 1486இல் பிறந்த சைதன்யர், 1510இல் துறவு பூண்டு புரிக்குச் சென்று, அங்கிருந்து தென்னாட்டு யாத்திரை புறப்பட்டார். கோதாவரிக் கரையில் ராமானந்த ராயரோடு அவர் நிகழ்த்திய உரையாடலைக் கிருஷ்ணதாச கவிராஜர் வங்க மொழியில் எழுதிய சைதன்ய சரிதாமிருதம் விரிவாகச் சொல்கிறது. வாழ்வின் இலக்கை அடையும் வழி எது என்று சைதன்யர் கேட்கிறார். வருணாசிரமக் கடமைகளைச் செய்வது என்கிறார் ராயர். அது புறத்தோடு நிற்பது, மேலே சொல்க என்கிறார் சைதன்யர். செயல்களை இறைவனுக்கு அர்ப்பணிப்பது என்ற விடைக்கும் அதே பதில். எல்லாத் தர்மங்களையும் விட்டுச் சரணடைவது என்ற விடையும் புறத்தோடு நிற்பதாகவே ஒதுக்கப்படுகிறது. திருவரங்கத்தார் உச்சமாகக் கொண்ட சரம சுலோகத்தையும் தாண்டி அவர் மேலே கேட்கிறார்.

இதன் காரணத்தை வங்க வைணவம் விளக்குகிறது. பாவத்திலிருந்து விடுபடவே ஒருவர் சரணடைந்தால் அங்கே இன்னும் தன்னலம் எஞ்சியிருக்கிறது. அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்குக்கும் மேலாகப் பிரேமை என்ற ஐந்தாவது உறுதிப்பொருளை அம்மரபு வைக்கிறது. வீடுபேறே இலக்கு இல்லை என்றான பிறகு, அதைக் கட்டளையால் பெறலாமா என்ற கேள்வி வேறு வடிவம் கொள்கிறது: அன்பு செய்ய விதி வேண்டுமா?

அதற்கான விடை ஒருவகையில் திருவரங்கத்தோடு பிணைந்தது. அங்கே வேங்கட பட்டர் என்ற ஸ்ரீவைணவரின் இல்லத்தில் சைதன்யர் மழைக்கால நான்கு மாதங்கள் தங்கினார். அப்போது கோயிலில் ஓர் அந்தணர் நாள்தோறும் கீதையைப் பிழையாகப் படித்துக்கொண்டு கண்ணீர் வடிப்பதையும், மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதையும் கண்டார். அழுகைக்குக் காரணம் கேட்டபோது, தமக்குச் சொற்பொருள் தெரியாது என்றும், படிக்கும்படி குரு சொன்னதால் படிப்பதாகவும், படிக்கும்போது தேரில் கடிவாளம் பிடித்து அமர்ந்திருக்கும் கண்ணன் கண்முன் தெரிவதாகவும் அவர் சொன்னார். கீதை படிக்க உரியவர் நீரே என்று சைதன்யர் அவரைத் தழுவிக்கொண்டார். உச்சரிப்பு விதிகள் அனைத்தும் பிழைபட்டுப்போன இடத்திலும், குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த அந்த ஒன்று அவரை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வாசலைத் திறந்தது அவரது கண்ணீர்.

வேங்கட பட்டரின் மகன் கோபால பட்டர் பிற்காலத்தில் பிருந்தாவனம் சென்று அங்கிருந்த ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். வங்க வைணவரின் ஒழுக்க நூலான ஹரிபக்தி விலாசம் அவர் பெயரில் வழங்குகிறது. தீட்சை, நாள்கடன், ஏகாதசி, பூசை என்று இருபது பகுதிகளில் விதிகளைத் தொகுத்த நூல் அது. விதிகளைத் தாண்டிய பிரேமையைப் போதித்த மரபு, தன் விதிநூலுக்குத் திருவரங்கத்துக் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

அவரோடு வாழ்ந்த ரூப கோஸ்வாமி 1541இல் முடித்த பக்திரசாமிருத சிந்துவில் இரண்டு படிகளைப் பிரித்தார். சாத்திரம் சொல்வதால் செய்யும் பக்தி வைதி. அதற்கு 64 அங்கங்கள். உள்ளே எழுந்த வேட்கையால் செய்யும் பக்தி ராகாநுகா. முன்னது பின்னதற்கு அழைத்துச் செல்லலாம். பின்னது எழுந்தவருக்குக் கட்டளையின் தூண்டுதல் தேவைப்படாது. ஆனால் தூண்டுதல் தேவையில்லாதவர் கட்டளையை அவமதிப்பதில்லை. சனாதன கோஸ்வாமி புரியில் கோயில் வாசல் வழியைத் தவிர்த்து, கோடை நண்பகலில் சுடுமணலில் நடந்து கால் கொப்பளித்து வந்தபோது, மரியாதையைக் காத்தவர் என்று சைதன்யர் அவரைப் பாராட்டியதாகச் சரிதாமிருதம் கூறுகிறது. தம்மைத் தூய்மையற்றவராக எண்ணிய அவருக்கு, கோயில் ஊழியர் மேல் தம் உடல் பட்டுவிடுமோ என்பதே அச்சம். சைதன்யரோ அவரைத் தயங்காமல் தழுவினார். இங்கே அடியாரின் பணிவு போற்றத்தக்கது. அந்தப் பணிவைப் பிறர்மேல் சுமத்தும் தீண்டாமை போற்றத்தக்கது அன்று.

ராகத்தின் பெயரால் ஒழுக்கக் கட்டுகளை அறுத்துவிடலாம் என்று கருதிய சகஜிய வழிகளும் வங்கத்தில் தோன்றின. அவற்றை 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பக்திவிநோத தாகுரும், கௌடீய மடத்தை நிறுவிய பக்திசித்தாந்த சரஸ்வதியும் கடுமையாக எதிர்த்தனர். அன்பு முதிர்வதற்கு முன்பே விதியை உதறுவது அன்பையும் இழப்பதில் முடியும் என்பது அவர்கள் நிலை.

கிரீஷ் கோஷின் ஒப்படைப்பு

1884 செப்டம்பரில் கல்கத்தா ஸ்டார் தியேட்டரில் நடந்த 'சைதன்ய லீலா' நாடகத்தைக் காண ராமகிருஷ்ணர் சென்றார். நாடகத்தை எழுதியவர் கிரீஷ் சந்திர கோஷ். மதுவும் கட்டற்ற வாழ்வும் அவரிடம் இருந்ததை ஊரறியும். அவர் பின்னர் ராமகிருஷ்ணரை அண்டியபோது, காலையும் மாலையும் கடவுளை நினைத்தால் போதும் என்று குரு சொன்னார். அதைக்கூட உறுதியாகச் செய்ய முடியும் என்று கிரீஷ் சொல்லத் துணியவில்லை. உண்ணும் முன்பும் உறங்கும் முன்பும் நினைத்தால் போதும் என்று சுருக்கியும் அவர் மௌனமாகவே இருந்தார். அப்படியானால் எனக்குப் 'பகல்மா' கொடுத்துவிடு என்றார் ராமகிருஷ்ணர். சொத்துக்காரர் தம் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு வங்கத்தில் வழங்கிய சொல் அது. தேசிகர் சொன்ன பரந்யாசத்துக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் வேறு கிடைப்பது அரிது.

விதிகளிலிருந்து தப்பித்தோம் என்று கிரீஷ் முதலில் மகிழ்ந்தார். பிறகுதான் தாம் ஒப்புக்கொண்டதன் கனம் புரிந்தது. சிறிய காரியம் ஒன்றைச் செய்வேன் என்று அவர் சொன்னபோது, இறைவன் விரும்பினால் என்று சொல்லவேண்டும் என ராமகிருஷ்ணர் திருத்தினார். செபத்துக்கும் விரதத்துக்கும் ஒரு முடிவு உண்டு. ஒப்படைத்தவருக்கோ ஒவ்வொரு மூச்சிலும் 'இது என் செயல் அன்று' என்று நினைக்கவேண்டிய கடமை வந்துவிட்டது. இதை அவரே பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறார். சரணாகதி எளிய வழி என்று எண்ணுவோர் கிரீஷின் அனுபவத்தை மறக்கக்கூடாது.

ராமகிருஷ்ணரின் சீடர்களும் இந்த உண்மையை நிறுவனத்துக்குள் கொண்டுவந்தனர். 1897இல் ஆலம்பஜார் மடத்துத் துறவிகளுக்கு விதிகள் வகுத்தபோது, விதிகளைக் கடந்து செல்வதே விதிகளின் நோக்கம் என்று விவேகானந்தர் நினைவூட்டினார். அடுத்த ஆண்டு மடம் ஹவுராவின் பேலூரில் கங்கைக் கரையில் நிலைபெற்றது. அதே 1897இல் சென்னைக்கு வந்து மடம் நிறுவிய சுவாமி ராமகிருஷ்ணானந்தர், ராமானுசரின் வரலாற்றை வங்க மொழியில் எழுதினார். சைதன்யர் தெற்கே வந்து கேட்டதை, இவர் வடக்கே கொண்டுசென்றார் எனலாம்.

பிற சமயங்களில்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் லுத்தரன் திருச்சபையும், 1800இல் ஹூக்ளிக் கரை ஸ்ரீராம்பூரில் வில்லியம் கேரி முதலியோர் தொடங்கிய பாப்டிஸ்ட் மிஷனும் இதே கேள்வியோடுதான் வந்தன. திருச்சட்டத்தின் செயல்களால் அன்று, விசுவாசத்தால் மனிதன் நீதிமானாகிறான் என்பது பவுலின் போதனை. செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் நிருபம். கத்தோலிக்கரும் லுத்தரன்களும் பல நூற்றாண்டுகள் இதில் பிரிந்து நின்று, 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர். மீட்பு அருளால் மட்டுமே, நற்செயல்கள் அதன் கனிகள் என்பது அதன் சாரம்.

இஸ்லாமின் முதல் நூற்றாண்டில் பெரும்பாவம் செய்தவர் முஸ்லிமே அல்லர் என்று காரிஜியர் வாதிட்டனர். அத்தீர்ப்பை அல்லாஹ்விடம் விடவேண்டும் என்றனர் முர்ஜியர். குர்ஆன் ஈமானையும் நற்செயலையும் பல இடங்களில் சேர்த்தே சொல்கிறது. எனினும் எவரும், தாம் உட்பட, தம் செயலால் மட்டும் சொர்க்கம் புகமாட்டார்; அல்லாஹ்வின் கருணை வேண்டும் என்று நபிகள் நாயகம் கூறியதாக ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது.

முடிவு

இத்தனை மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மூன்று உண்மைகள் உறுதிப்படுகின்றன. கட்டளை வீடுபேற்றின் விலை ஆகாது. விலை கொடுத்து வாங்கக்கூடியது வீடுபேறும் ஆகாது. அருள் பெற்றவர் கட்டளையை உதறுவதில்லை. அச்சத்தாலோ ஆசையாலோ செய்ததை அன்பால் செய்யத் தொடங்குகிறார். அன்பை வளர்க்கும் கட்டளையும் மனிதரை ஒதுக்கும் வழக்கமும் ஒரே தரத்தவை அல்ல; திருக்கோட்டியூரிலும் காளத்தியிலும் திருவரங்கத்துக் கோயிலிலும் பெரியோர் நின்றது முன்னதன் பக்கமே.

ஆகவே கீழ்ப்படிதலை எடைபோட வேண்டிய அளவுகோல், எத்தனை விதிகளைக் காத்தோம் என்ற எண்ணிக்கையில் இல்லை. அவற்றால் நெஞ்சில் செருக்கு வளர்ந்ததா, கனிவு வளர்ந்ததா என்பதில் இருக்கிறது. விதியைக் காட்டிப் பிறருக்கு வீட்டின் வாசலை அடைக்கும் உரிமை எந்த மனிதருக்கும் இல்லை. அருளைக் காட்டித் தம் கடமையிலிருந்து நழுவும் உரிமையும் எவருக்கும் இல்லை.